மருத்துவமனை ஒன்று, பில் இரண்டு

அமெரிக்காவில் மகனோடு குடியேறிவிட்ட ஒரு தாயார் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பினால், பின்னாலேயே இரண்டு கணக்கு வரும். ஒன்று மருத்துவமனையுடையது. மற்றொன்று அங்கே தினமும் வந்து பார்த்த டாக்டருடையது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இரண்டையும் தனித்தனியாகத்தான் தீர்க்கிறது. மெடிகேரின் டாக்டர்கள் பட்டியலைப் புரட்டியபோது எனக்கு இடித்ததும் இதுதான். மருத்துவமனைதான் திட்டத்தில் இருக்கிறதே, அதன் வார்டில் வேலை பார்ப்பவர் ‘மெடிகேர் கட்டணத்தை ஏற்பவர்’ என்று தனியாக எதற்கு ஒரு வரி? அந்த வரியின் மூலத்தைத் தேடினேன்.

பட்டியலில் ஒரு டாக்டரைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான்: பெயர், துறை, படித்த கல்லூரி, தேறிய ஆண்டு, பத்து இலக்க எண். எண்ணுக்கு மூலம் 1996-ன் ஹிப்பா என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அதன் கடைசி இலக்கம் மற்ற ஒன்பதையும் வைத்துக் கணக்கிட்டுப் போடப்படுவதால், ஓர் இலக்கம் தவறினாலும் கம்ப்யூட்டர் பிடித்துவிடும். டாக்டர் மாநிலம் மாறினாலும் எண் மாறாது. கல்லூரிப் பத்தியில் வெளிநாட்டில் படித்த பலருக்கு ‘மற்றவை’ என்று மட்டும் இருக்கும். 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்காரரும் இந்த ‘மற்றவை’க்குள் அடங்கிவிடக்கூடும்.

கட்டண வரியின் வேர் 1965-ல் இருக்கிறது.

அதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. முதியோருக்கு அரசு காப்பீடு தரக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் மல்லுக்கு நின்றது. 1961-ல் நடிகர் ரொனால்டு ரீகனைப் பேசவைத்து ஓர் இசைத்தட்டே வெளியிட்டது. டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைத்து, தட்டைச் சுழலவிட்டு, காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள்.

அரசிடம் இருந்தது மருத்துவமனைச் செலவுக்கான மசோதா மட்டுமே. டாக்டர் கட்டணத்தில் கை வைத்தால் சங்கம் கவிழ்த்துவிடும் என்ற பயம். எதிர்க்கட்சியோ, விரும்பியவர் பணம் கட்டிச் சேரும் திட்டம் ஒன்றை வைத்தது. கீழவையின் வரிக்குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். மருத்துவமனைக்குப் ‘பார்ட் ஏ’, சம்பள வரியிலிருந்து. டாக்டருக்குப் ‘பார்ட் பி’, மாதம் 3 டாலர் கட்டுவோருக்கு. ஏழைகளுக்கான மெடிகெய்ட் மூன்றாவது அடுக்கு. 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். முதல் அட்டை முன்னாள் அதிபர் ட்ரூமனுக்குப் போனது. மருத்துவத் தொழிலில் மத்திய அரசு தலையிடாது என்பது அந்தச் சட்டத்தில் மெடிகேர் பகுதியின் முதல் பிரிவு.

இரண்டு கணக்கு வருவது அன்று செய்த சமரசத்தால்தான். அதன் விளைவு 1966-லேயே தெரிந்தது. மெடிகேர் பணம் வேண்டுமானால் கறுப்பர், வெள்ளையர் என்று வார்டு பிரிக்கக் கூடாது என்று மருத்துவமனைகளுக்கு அரசு நிபந்தனை போட்டது. தென்மாநிலங்களில் ஆயிரம் மருத்துவமனைகள் வரை சில மாதங்களில் வழிக்கு வந்தன. டாக்டர்களை அந்த நிபந்தனை தொடவில்லை. பார்ட் பி பணம் அரசு உதவி ஆகாது என்று விளக்கம் சொல்லி அவர்களை விட்டுவிட்டார்கள்.

கட்டணத்திலும் அதே சலுகை. எந்த நோயாளிக்கு மெடிகேர் தொகையோடு நிறுத்திக்கொள்வது, யாரிடம் மேலே வாங்குவது என்பதை டாக்டர் ஆளுக்கு ஆள் தீர்மானிக்கலாம். செலவு ஏறிக்கொண்டே போக, 1984-ல் ஒரு சட்டத் திருத்தம் அவர்கள் முன் ஒப்பந்தப் படிவத்தை நீட்டியது. கையெழுத்திட்டவர் எல்லா மெடிகேர் நோயாளிக்கும் அரசு விலையையே ஏற்கவேண்டும். பட்டியலில் நான் பார்த்த வரி இந்தக் கையெழுத்தின் நிழல்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். அரசு விலை 100 டாலர் என்று வையுங்கள். வருடந்தோறும் நோயாளி முதலில் தானே கட்டவேண்டிய தொகை தீர்ந்த பிறகு, ஒப்பமிட்ட டாக்டருக்கு மெடிகேர் 80, நோயாளி 20. ஒப்பமிடாதவருக்கு அரசு விலையே 95-ஆகக் குறையும். ஆனால் அவர் 109 டாலர் 25 சென்ட் வரை கேட்கலாம். மெடிகேர் தருவது 76. மிச்சம் 33 டாலர் 25 சென்ட் நோயாளி தலையில். திட்டத்தை விட்டே விலகிவிட்டவரிடம் போனால் மெடிகேரிலிருந்து பைசா பெயராது. அப்படி விலகியவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான், பெரும்பாலோர் ஒப்பமிட்டவர்களே.

டாக்டர்களின் படிப்பிலும் மெடிகேர் பணம் கலந்திருக்கிறது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர், தகுதித் தேர்வுகளுக்குப் பின் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனையில் ரெசிடென்சி என்ற பயிற்சியைச் செய்தாக வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பெரும்பணம் தருவது மெடிகேர். 1965 அக்டோபர் 3 அன்று அதே ஜான்சன் குடியேற்றச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். அதுவரை இந்தியர்களுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். காப்பீடு நோயாளிகளைக் கூட்டியது, குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்தது. தமிழ்நாட்டு டாக்டர்களும் அந்த வழியில் போனார்கள்.

அவர்களில் பலர் இன்று வார்டு நோயாளிகளை மட்டுமே பார்ப்பவர்கள். இந்தப் பிரிவும் மெடிகேரோடு ஒட்டியதே. 1983-ல், மருத்துவமனைக்கு ஆகும் செலவுக்கு ஏற்பப் பணம் தருவதை விட்டு, நோய்க்கு இவ்வளவு என்று மெடிகேர் நிர்ணயித்தது. சீக்கிரம் குணமாக்கி அனுப்பினால் லாபம் என்றானதும், நாள் முழுக்க வார்டிலேயே இருக்கும் டாக்டர் தேவைப்பட்டார். 1996-ல் ராபர்ட் வாக்டரும் லீ கோல்ட்மேனும் மருத்துவ இதழ்க் கட்டுரையில் அவரை ‘ஹாஸ்பிட்டலிஸ்ட்’ என்றார்கள். மெடிகேர் அவர்களுக்கெனத் தனித் துறைக் குறியீடு கொடுத்தது 2017-ல்தான்.

பெற்றோரை அங்கே வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர் 65 வயதாகி, ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருந்தால் பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். அதன்பின் புது டாக்டரிடம் போகும்போது ‘மெடிகேர் எடுப்பீர்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஒப்பமிடாதவரும் ஆம் என்பார். ‘அசைன்மென்ட் ஏற்பீர்களா’, அதாவது அரசு விலையோடு நிறுத்திக்கொள்வீர்களா என்று கேளுங்கள்.