விட்டுவந்த செட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

எம்பிஏ படிப்புக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். மகனைச் சேர்க்க வந்தவர். "கணக்கு சொல்லித் தர்றீங்க, இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்க, அதுக்கு ஃபீஸ் கேளுங்க சார், நியாயம். டைம் டேபிள போன்ல கேட்டா ஒரு நிமிஷத்துல போட்டுக் குடுத்துடுதே!" மகனின் போனை வாங்கி என்னிடம் நீட்டினார். பச்சை, மஞ்சள், நீலம் என்று கட்டம் கட்டி அழகாகத்தான் இருந்தது. காலை 6 முதல் 8 வரை குவான்ட் (கணக்கு), மாலை 7 முதல் 8 வரை ஆர்சி (ஆங்கிலக் கட்டுரை வாசித்துப் பதில் எழுதுவது), 8 முதல் 9 வரை டிஐஎல்ஆர் (தரவு அலசலும் தர்க்கப் புதிர்களும்), ஞாயிறு மாக் (மாதிரித் தேர்வு). ஜூலையில் தொடங்கி நவம்பர் கடைசி ஞாயிறு வரை வாரத்துக்கு வாரம் ஒரு மாற்றமும் இல்லை.

இந்த வருடத்தோடு வகுப்பு எடுப்பதை நிறுத்திக்கொள்கிறேன். காகிதத்திலும் பென்சிலிலும் கேட் நடந்த காலத்தில் இந்த வேலைக்கு வந்தவன் நான். போவதற்கு முன்னால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த அட்டவணையில் அந்தப் பையனையே காணோம். அவன் இன்ஜினியரிங் கடைசி வருடம். செமஸ்டர் தேர்வு நவம்பரில் வந்து நிற்கும். அந்த வாரங்களிலும் காலை 6 மணிக்கு குவான்ட் என்று போட்டிருக்கிறது போன். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தெந்த வாரம் உன்னால் புத்தகத்தைத் தொட முடியாது என்பதைத்தான். ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு செப்டம்பர் கிடையாது. 30-ம் தேதிக்குள் டாக்ஸ் ஆடிட் முடிக்க ராத்திரி பத்து மணி வரை அங்கேயே கிடப்பார்கள். ஐடி கம்பெனியில் இருக்கிறவர்களுக்கு ரிலீஸ் வாரம் போய்விடும். தீபாவளி எல்லோருக்கும் நாலு நாளைத் தின்றுவிடும். இதையெல்லாம் முதலில் அடித்துவிட்டு, மிச்சம் இருக்கிற வாரங்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஐந்து மாதம் இருக்கிறது என்று நினைத்து வந்த பிள்ளை, கையில் இருப்பது மூன்றரை மாதம்தான் என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்காரும். என் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அடுத்தது, தேர்வின் கட்டமைப்பு. 2009-ல் கேட் கணினிக்குப் போனது. 2015-ல் மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 60 நிமிடம், ஒன்றின் நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்று பூட்டினார்கள். 2020-ல் கொரோனா சமயத்தில் அந்த 60 நிமிடம் 40 ஆனது. முதலில் ஆர்சி அடங்கிய ஆங்கிலப் பகுதியான விஏஆர்சி, நடுவில் டிஐஎல்ஆர், கடைசியில் குவான்ட். பூட்டு இல்லாத காலத்தில், குவான்ட்டில் புலியாக இருக்கிறவன் அங்கே பத்து நிமிடம் மிச்சம் பிடித்து ஆர்சியில் செலவழிப்பான். இன்று அந்தக் கடன் கிடைக்காது. அதனால்தான் நான் போடும் அட்டவணையில் 'ஒரு மணி நேரம்' என்று எங்கும் இருக்காது. எல்லாம் 40 நிமிடம், எழுந்திருக்காமல் ஒரே மூச்சில். ஹால் டிக்கெட் வந்து ஸ்லாட் தெரிந்ததும் மாக் எழுதும் நேரமும் மாறும்: காலை 8:30, மதியம் 12:30, மாலை 4:30, எது கிடைத்ததோ அதற்கு. மதியம் சாப்பிட்டவுடன் தூங்கிப் பழகியவனுக்கு 12:30 ஸ்லாட் விழுந்தால், மூளையைப் பழக்க இரண்டு வாரமாவது வேண்டும்.

இவ்வளவும் பொறுமையுள்ள யாரும் கற்றுக்கொள்ளலாம். என்னைப் பாடாய்ப் படுத்தியது டிஐஎல்ஆர்.

குவான்ட்டுக்குப் பாடப் பட்டியல் உண்டு. சதவீதம், வேகம்-தூரம், அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி என்று முடிக்க முடிக்க டிக் அடிக்கலாம். ஆர்சிக்குத் தினமும் இரண்டு கட்டுரை வாசித்தால் ஓரளவு வந்துவிடும். டிஐஎல்ஆரில் டிக் அடிக்க ஒன்றுமே இல்லை. ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விகளின் தொகுப்புக்குச் செட் என்று பெயர். நேற்று போட்ட செட் இன்று வராது. நாலு அல்லது ஐந்து செட் கொடுப்பார்கள். இரண்டை முழுசாக, மூன்றாவதில் பாதியை முடித்தாலே நல்ல பர்சன்டைல். எதைத் தொடுவது, எதை விட்டுவிட்டு வருவது என்பதுதான் அங்கே நடக்கும் தேர்வு. இதற்கு எந்த நேரத்தை ஒதுக்குவது?

ஒரு உதாரணம். ஆறு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை மோதுகிறது. வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு 1. எல்லா அணிகளின் புள்ளிகளையும் கூட்டினால் 42 வருகிறது. மொத்தம் 15 ஆட்டம். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஜெயித்திருந்தால் 45 வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு டிராவும் அதில் ஒன்றைக் குறைக்கும். ஆக, டிரா 3. முதல் இரண்டு நிமிடத்தில் இது கண்ணில் பட்டவனுக்குச் செட் திறந்துவிட்டது. படாதவன் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, 'ஏ ஜெயித்திருந்தால், பி தோற்றிருந்தால்' என்று நிரப்ப ஆரம்பிப்பான். இருபது நிமிடம் போய்விடும்.

ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த பெண் ஒருத்தி இப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். மாக் மார்க் ஏறவே இல்லை. ரஃப் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரே செட்டுக்கு மூன்று கட்டம். மூன்றும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. நாலாவது பாதியில் நின்றிருந்தது. "எத்தனை நிமிஷம்மா இதுல இருந்தே?" என்றேன். "தெரியல சார். இதோ முடிஞ்சிடும்னு தோணிட்டே இருந்துது." அவளுடைய கெட்டிக்காரத்தனமே அவளை அந்தச் செட்டிலிருந்து எழ விடவில்லை. கோபத்தோடு குவான்ட்டுக்குள் போய் அதையும் கெடுத்துக்கொண்டாள்.

அவளுடைய அட்டவணையை முழுக்கக் கலைத்தேன். புது மாக் இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும் என்றேன். எழுதுவது சனிக்கிழமை. ஞாயிறு மதியம் கடிகாரமும் போனும் வேறு அறையில். முந்தைய நாள் விட்டுவந்த செட்டையும் மாட்டிக்கொண்ட செட்டையும், எவ்வளவு நேரம் ஆனாலும், விடையைப் பார்க்காமல் போட்டு முடிக்க வேண்டும். முடித்த பிறகு நோட்டில் ஒரே ஒரு வரி: இந்தச் செட்டின் முதல் பத்தியிலேயே எது என்னை எச்சரித்திருக்க வேண்டும்? சில வாரங்களில் அந்த நோட்டு பேச ஆரம்பித்தது. 'மொத்தக் கூட்டுத்தொகை கொடுத்திருக்கிறான், இரு.' 'நிபந்தனை மூன்று, காலிக் கட்டம் இருபது, எழுந்திரு.' நவம்பரில் அவள் எட்டாவது நிமிடத்தில் எழத் தெரிந்தவளாகத் தேர்வு மையத்துக்குப் போனாள். அவளுக்கு மூன்று பகுதியிலும் அதிக பர்சன்டைல் வந்தது டிஐஎல்ஆரில்தான்.

மாக் எழுத இரண்டு மணி நேரம் என்றால், அதை அலச நாலு மணி நேரமாவது வேண்டும். இந்த நாலு மணி நேரத்துக்கு வாதாடியே என் தொண்டை வறண்டது.

இப்போது வருகிற பிள்ளைகள் எண்ணிக்கை சொல்கிறார்கள். "நாப்பது மாக் எழுதிட்டேன் சார்." அலசினாயா என்றால், சொல்யூஷன் வீடியோவை இரட்டை வேகத்தில் பார்த்ததாகப் பதில் வருகிறது. அடுத்தவர் போட்டதைப் பார்த்து 'அட, இவ்வளவுதானா' என்று தலையாட்டுவதற்குப் பெயர் அலசலாகிவிட்டது. பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. பயிற்சி நிலையங்களும் மாக்கை எண்ணிக்கையில் விற்கின்றன. பாங்கில் வேலை செய்கிறவளுக்கும் கல்லூரி மாணவனுக்கும் ஒரே பிடிஎஃப்பை அனுப்பிவிட்டுத் தனித் திட்டம் என்கின்றன. ஒரு பிள்ளையை எதிரே உட்காரவைத்து ரஃப் தாளை விரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அந்த நேரத்துக்கு யாரும் சம்பளமும் கொடுப்பதில்லை. மார்க் ஏறாத பிள்ளை தனக்கு மூளை போதாது என்று முடிவுகட்டிக்கொண்டு போகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நவம்பரில் எழுதப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் அட்டவணையைப் போன் போட்டதோ, ஆள் போட்டாரோ, மூன்று விஷயத்தைப் பாருங்கள். உங்களால் படிக்க முடியாத வாரங்கள் அதில் அடிக்கப்பட்டிருக்கின்றனவா? எல்லாம் 40 நிமிடக் கணக்கில் இருக்கிறதா? மாக் எழுதிய மறுநாள், விட்டுவந்த செட்டுக்காகக் காலியாக இருக்கிறதா? இந்த மூன்றும் இல்லையென்றால், எவ்வளவு அழகான அட்டவணையாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள்.