மணிக்கு வயிறு சரியில்லை!

தை, வைகாசி, ஆவணின்னு கல்யாண சீசன் வந்துட்டா எங்க தஞ்சாவூர் பக்கம் மண்டபத்துக்கு முன்னால எவ்வளவு கூட்டமோ, அதே அளவு கூட்டம் மண்டபத்துக்குப் பின்னாலயும் நிக்கும். முன்னால மனுஷங்க. பின்னால நாய்ங்க! சாம்பார், வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு பொரியல், பாயசம், ஜாங்கிரி எல்லாம் ஒண்ணாக் கலந்து எச்சில் இலையில வெளியே வரும். பத்திரிகை வைக்காமலே வந்து ஒரு பிடி பிடிச்சுட்டு, மறுநாள் காலைல தெருவோரமா முதுகை வளைச்சு நின்னு அவஸ்தைப்படற ஜீவன்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அது அடுத்த வீட்டு நாய்னா சிரிப்பு வரும். நம்ம வீட்டு நாய்னா... செமஸ்டர் ரிசல்ட் அன்னிக்குக்கூட நம்ம வயிறு அப்படிக் கலங்காது!

எங்க மணி சுத்தமான நாட்டு நாய். செவலை நிறம், ஆறு வயசு, திருவையாறு பக்கம் குடமுருட்டிக் கரைதான் அவன் ராஜ்ஜியம். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல ஸ்டாம்ப்பே வெளியிட்டாங்க. எங்க மணிக்கு ரேஷன் கார்டுல கூட பேர் கிடையாது. ஆனா அவன் ஒருநாள் சோறு திங்கலைன்னா வீட்டுல யாருக்கும் சோறு இறங்காது.

போன ஆவணியில தெருக்கோடி கல்யாணத்துக்கு மறுநாள் அதுதான் நடந்துச்சு. காலைல ஒரு வாந்தி, பத்து மணிக்குள்ள மூணு தடவை வயித்தால போச்சு. உடனே எங்க வீட்டுத் திண்ணையில மெடிக்கல் போர்டு கூடிடுச்சு. அப்பாயி, "ஓமத் தண்ணி குடுடா சாமி"ன்னாங்க. பக்கத்து வீட்டு மாமா, "எனக்கு வாங்கின மாத்திரை இருக்கு, பாதி உடைச்சுக் குடு"ன்னார். என் ஃப்ரெண்ட் போன்ல, "மச்சான், ஒருநாள் பட்டினி போடு, தானா சரியாயிடும்"னான். அப்பா மட்டும் ஒண்ணும் பேசலை. டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்தார். முன்னாடி மணி, பின்னாடி நான். நேரா கால்நடை மருந்தகம்.

அங்க இருந்த டாக்டர் மாத்திரை, ஊசி எதையும் எடுக்கலை. கேள்வியாக் கேட்க ஆரம்பிச்சார். எத்தனை தடவை போச்சு? என்ன நிறம்... ரத்தம், சளி ஏதாவது? தண்ணி குடிச்சா உள்ள நிக்குதா, வாந்தியா வருதா? கடைசியா என்ன சாப்பிட்டான்? தடுப்பூசி எப்போ போட்டீங்க, பூச்சி மருந்து எப்போ குடுத்தீங்க? அப்புறம் மணியோட உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தார். ஈரமா, இளஞ்சிவப்பா இருந்தா நல்லது. ஒட்டிக்கற மாதிரி காய்ஞ்சிருந்தா உடம்புல தண்ணி குறையுது. வெளுத்துப் போயிருந்தா இன்னும் ஆபத்து. கழுத்துத் தோலை லேசாத் தூக்கி விட்டார். டக்குனு பழைய இடத்துக்குப் போச்சு. மெதுவாப் போனா அதுவும் தண்ணி குறைஞ்சதுக்கு அடையாளம்.

"தம்பி, நம்ம பேஷன்ட்டுக்கு வாய் இருக்கு, பேச்சு இல்லை. அதுக்குப் பதிலா நீங்கதான் பேசணும். நீங்க எவ்வளவு பார்த்தீங்களோ அவ்வளவுதான் எனக்குத் தெரியும்"னார். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை கதையும்.

மணிக்கு அவர் எழுதின மருந்து என்ன தெரியுமா? குழைய வடிச்ச சோறு, தோலும் எலும்பும் இல்லாத வேகவெச்ச கோழி. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் கூடாது. ஒரே தடவையா தட்டு நிறைய வைக்காம, கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை. தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும். ரெண்டு மூணு நாள்ல பழைய சாப்பாட்டுக்கு மெதுவா மாத்தணும். நெல்லு விளையற ஊர்ல இதைவிட சுலபமான மருந்து உண்டா!

'நாய் மாமிசம் தின்ற ஜாதியாச்சே, சோறு எப்படி செரிக்கும்?'னு எனக்கு ஒரு டவுட். அதுக்கும் பதில் இருக்கு. 2013-ல நேச்சர் இதழ்ல வந்த ஸ்வீடன் விஞ்ஞானிகளோட ஆய்வு, மாவுச்சத்தை உடைக்கற அமைலேஸ் என்சைமுக்கான ஜீன் ஓநாய்க்கு 2 பிரதிதான், நாய்க்கு 4-ல இருந்து 30 வரைக்கும் இருக்குன்னு சொல்லுது. மனுஷன் விவசாயம் பண்ண ஆரம்பிச்சப்போ, கூடவே நாயோட வயிறும் மாறிக்கிச்சாம். அதாவது, சோழ நாட்டுச் சோறு மணியோட ரத்தத்துலயே இருக்கு பாஸ்!

ஆனா நாம பாசமா குடுக்கற சிலது அவங்களுக்கு ஆகாது. பாலும் பிரெட்டும் நம்ம ஊர்ல நாய்க்கு தேசிய உணவு மாதிரி. வளர்ந்த நாய் பலதுக்கு பால்ல இருக்கற லாக்டோஸ் செரிக்காது, அதுவே வயித்தைக் கலக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தோட சிவப்பணுவை உடைக்கும். சாக்லேட், திராட்சை ரெண்டும் கூடவே கூடாது. நம்ம மாத்திரை விஷயத்துல இன்னும் உஷார். பாராசிட்டமால் நாயோட கல்லீரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வயித்துல புண்ணாக்கி கிட்னியையும் பதம் பார்க்கும். அந்தப் பாதி மாத்திரை மாமா இதைப் படிச்சா கோச்சுக்கக் கூடாது. அவர் பாசத்துல குறை சொல்லலை.

டெல்டாவுல இன்னொரு ஆபத்து வயல்ல இருக்கு. குறுவையோ சம்பாவோ, கதிர் வர்ற நேரத்துல எலித் தொல்லை ஆரம்பிச்சுடும். மூங்கில்ல செஞ்ச தஞ்சாவூர் கிட்டி வெச்சு எலி பிடிக்கறவங்க உண்டு; அதுல விஷம் கிடையாது. ஆனா எலி மருந்து வைக்கறவங்களும் இருக்காங்க. துத்தநாக பாஸ்பைடு, அதாவது அந்தக் கறுப்புத் தூள், வயித்து அமிலத்துல பட்டதும் பாஸ்பீன்ங்கற விஷ வாயுவா மாறும். வயல் பக்கம் போயிட்டு வந்த நாய் திடீர்னு வாந்தி எடுத்தா, வாயில நுரை தள்ளினா, உடம்பு நடுங்கினா, 'இலைச் சாப்பாடுதான் ஒத்துக்கலை போல'ன்னு காத்திருக்கக் கூடாது. சோறு வைக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கறேன்னு உப்புத் தண்ணியும் ஊத்தக் கூடாது. மருந்துப் பாக்கெட் கிடைச்சா கையோட எடுத்துக்கிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ங்கற நம்பர் இருக்கு, போன்ல பதிஞ்சு வெச்சுக்குங்க.

மணி மூணாம் நாளே வாலை ஆட்டிக்கிட்டு அடுத்த மண்டபத்தை நோட்டம் விட ஆரம்பிச்சுட்டான். எல்லா வயித்து வலியும் இப்படி முடியறதில்லை. அதை எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க காலேஜ் கேன்டீன் பின்னாடி பிறந்த ரெண்டு குட்டிங்க.

ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பழுப்பு. பசங்க வெச்ச பேர் இட்லி, வடை. ரெண்டரை மாசம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் ரெண்டும் சாப்பிட வரலை. மறுநாள் விடிகாலை வாட்ச்மேன் அண்ணன்தான் ஹாஸ்டல் ஜன்னலைத் தட்டினார். "தம்பிகளா, குட்டிங்க எந்திரிக்க மாட்டேங்குது, வந்து பாருங்க." வாந்தி, ரத்தம் கலந்த பேதி, மறக்க முடியாத ஒரு நாத்தம். அட்டைப் பெட்டியில துண்டைப் போட்டு, ரெண்டையும் படுக்க வெச்சு, முதல் பஸ்ஸைப் பிடிச்சோம். கண்டக்டர் அண்ணன் பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தார். டிக்கெட் மட்டும் கிழிச்சுக் குடுத்தார், ஒண்ணும் சொல்லலை.

பார்வோ. டெஸ்ட் கிட்ல ரெண்டு கோடு விழுந்துச்சு. 1978-ல உலகம் முதல்முதலா கவனிச்ச வைரஸ் இது. ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள கண்டம் கண்டமா பரவிடுச்சு. இந்தியாவுல முதல் ரிப்போர்ட் 1980-களோட ஆரம்பத்துல, நம்ம மெட்ராஸ்ல இருந்துதான். குடல்ல வேகமா வளர்ற செல்லுங்களைத்தான் இது குறி வெச்சுத் தாக்கும். அதோட ரத்த வெள்ளை அணுவும் குறைஞ்சுடும். அப்புறம் சாப்பாடும் ஏறாது, தண்ணியும் நிக்காது, கிருமியை எதிர்க்க உடம்புல ஆளும் இருக்காது. சிகிச்சைன்னா முக்கியமா சலைன், வாந்தியை நிறுத்த மருந்து, கூடவே வர்ற மத்த கிருமிகளுக்கு ஆன்டிபயாடிக். குட்டி தானே எதிர்த்து எழுந்திருக்கற வரைக்கும் தாங்கிப் பிடிக்கறதுதான் வேலை.

இட்லி அன்னிக்கு மத்தியானமே போயிட்டான். டாக்டர் எங்களை உட்கார வெச்சு, "கூட்டிட்டு வரும்போதே அவனுக்கு ரொம்ப முடியலை. இன்னொருத்தனைப் பார்ப்போம்"னார். ஆளுக்கு நூறு ரூபா போட்டோம். அஞ்சு நாள், காலைல ரெண்டு பேர், சாயங்காலம் ரெண்டு பேர்னு முறை வெச்சு சலைன் பாட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். இன்டர்னல் டெஸ்ட்டுக்கு அங்க உட்கார்ந்துதான் படிச்சோம். அஞ்சாம் நாள் வடை தானா தலையைத் தூக்கி, ஸ்பூன்ல வெச்ச கஞ்சியை நக்கினான். எங்க கேங்குல ரொம்ப டெரரான ஆளு அன்னிக்கு வெளியே போய் மூஞ்சி கழுவிட்டு வந்தான்.

இந்த நோய்க்கு முன்னாடியே தடுப்பூசி இருக்குங்கறதுதான் மனசை அறுக்கற விஷயம். ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள முதல் ஊசி, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை 16 வாரம் வரைக்கும் தொடரணும், அப்புறம் பூஸ்டர். குட்டி நோயில இருந்த இடத்துல வைரஸ் மாசக் கணக்குல உயிரோட இருக்கும். சாதாரண ஃபினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் கரைசல்தான் சரி. 'நமக்கு ஒட்டிக்குமா?'ன்னு ஹாஸ்டல்ல பாதிப் பேர் பயந்தாங்க. நாயோட பார்வோ மனுஷனுக்கு வராது. ஆனா நாய்க்குடல்ல இருக்கற புழு வரும், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும் நமக்கும் வரும். அதனால சோப்புப் போட்டுக் கை கழுவறது நட்புக்குத் துரோகம் இல்லை!

அதுக்கப்புறம்தான் எங்க ஊர் பழைய கதை ஒண்ணுக்கு அர்த்தம் புரிஞ்சுச்சு. 1798-ல இருந்து 1832 வரைக்கும் தஞ்சாவூரை ஆண்ட ரெண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால்னு ஒரு மருத்துவக்கூடம் நடத்தினார். மனுஷங்களுக்கு மட்டுமில்லாம விலங்குகளுக்கும் அங்க மருந்து தயாராச்சு. கண் நோயாளிகளுக்கு என்ன குறை, என்ன சிகிச்சைன்னு குறிப்பு எழுதி, கண்ணைப் படமா வரைஞ்சும் வெச்சிருக்காங்க; அந்த ஏடுங்க இப்பவும் சரஸ்வதி மகால் நூலகத்துல இருக்கு. அதே சரபோஜி, முத்தாம்பாள் பேர்ல சத்திரம் கட்டின ஊர் ஒரத்தநாடு. அங்கதான் 2012-ல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துச்சு. அஞ்சரை வருஷப் படிப்பு. பேச முடியாத பேஷன்ட்டைப் படிக்கணும்னா அவ்வளவு காலம் வேணும்தானே!

நமக்கு அஞ்சரை வருஷம் வேண்டாம், போன்ல ஒரு நோட் போதும். எத்தனை தடவை, என்ன நிறம், தண்ணி நிக்குதா, என்ன சாப்பிட்டான், ஊசி போட்ட தேதி. வளர்ந்த நாய், சுறுசுறுப்பா இருக்கு, தண்ணி குடிக்குது, ரெண்டு மூணு தடவைதான் போச்சுன்னா சோறும் கோழியும் குடுத்து ஒருநாள் பார்க்கலாம். குட்டின்னாலோ, ரத்தம் வந்தாலோ, தார் மாதிரி கறுப்பாப் போனாலோ, தண்ணிகூட நிக்காம வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, சுருண்டு படுத்துட்டாலோ அந்த ஒருநாள் நம்மகிட்ட இல்லை. குட்டியைப் பட்டினி போடவும் கூடாது.

இந்தப் பழக்கம் நாய்க்கு மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. 1971-ல வங்கதேசப் போர் அகதிகள் முகாம்ல காலரா வந்தப்போ, சலைன் தீர்ந்துபோன நிலைமையில டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியைக் குடிக்க வெச்சுத்தான் ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாத்தினார். சுமார் 30 சதவீதமா இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்துச்சு. கலந்து குடுத்தது பெரும்பாலும் டாக்டர்கள் இல்லை, பக்கத்துல இருந்த சொந்தக்காரங்கதான். பக்கத்துல இருக்கறவன் கவனிக்கறதுக்கு அவ்வளவு மதிப்பு!

போன வாரம் ராத்திரி பரோட்டா சாப்பிட்டுட்டு வந்த என் ரூம்மேட் விடிய விடிய பாத்ரூமுக்கு நடந்தான். ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரிச்சு ஒரு லிட்டர் தண்ணியில கலந்துக்கிட்டே கேட்டேன்... "எத்தனை தடவைடா? ரத்தம் ஏதாவது? தண்ணி குடிச்சா நிக்குதா?"

"நாலு. இல்லை. நிக்குது"ன்னு வரிசையா சொன்னான். கையில டம்ளரை வாங்கினதுக்கு அப்புறம்தான் முறைச்சான்.

"டேய்... நான் என்ன வடையாடா?"