மின்பலகையும் ஓட்டுநரும்

நெடுஞ்சாலைக்கு மேலே நிற்கும் மின்னணுத் தகவல் பலகையைப் படிக்க ஓட்டுநருக்குக் கிடைப்பது சில நொடிகளே. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. எழுத்து 200 மீட்டர் தொலைவில் தெளிவாகத் தெரிந்தால், படிக்கவும் முடிவெடுக்கவும் எட்டு நொடிதான் இருக்கிறது. வாசகம் நீண்டுவிட்டால் சிலர் வேகத்தைக் குறைத்துப் படிப்பார்கள். பின்னால் வருபவர் பிரேக்கை மிதிக்க வேண்டிவரும்.

மலேசியாவில் கிள்ளான் அருகே உள்ள மேருவிலிருந்து கோலாலம்பூருக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. செத்தியா ஆலாமில் ஏறினால் என்.கே.வி.இ. விரைவுச்சாலை; கிள்ளான் பக்கம் இறங்கினால் கூட்டரசு நெடுஞ்சாலை. முதலாவதற்கு டோல் கட்ட வேண்டும். இரண்டாவதில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்கள் 2018 தொடக்கத்தில் எடுக்கப்பட்டன. டோலைக் கடந்து ஏறிவிட்டவர் அடுத்த வெளிவழி வரும்வரை திரும்ப முடியாது. அதனால் ஜாம் பற்றிய செய்தி டோலுக்கு முன்பே கண்ணில் பட்டால்தான் பயன்.

அப்படிப் பட்டாலும் எல்லாரும் வழி மாறுவதில்லை. கேட்டால் மாறுவோம் என்பவர்கள் பலர். சாலையில் மாறுபவர்கள் அவர்களைவிடக் குறைவு. மாற்றுவழி தெரிந்திருக்க வேண்டும், அங்கும் நெரிசல் இருக்காது என்ற நம்பிக்கை வேண்டும். ‘முன்னால் நெரிசல்’ என்று மட்டும் சொன்னால் தினமும் பார்ப்பதுதானே என்று போய்விடுவார்கள். எங்கே, எதனால், எத்தனை நிமிடம் என்று சொன்னால் மனம் கணக்குப் போடத் தொடங்கும். விபத்து அகற்றப்பட்ட பிறகும் பழைய செய்தி ஓடிக்கொண்டிருந்தால், மறுநாள் உண்மையான எச்சரிக்கையையும் ஓட்டுநர் நம்பமாட்டார். கைப்பேசியில் வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியைப் பார்த்து ஓட்டுபவர் பலகைச் செய்தியை அதனுடன் உடனே ஒப்பிட்டும் விடுகிறார்.

கோலாலம்பூரில் 2007-இல் வாகனங்களுக்குத் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தின் நிலை வேறு. பெருமழையில் வெள்ளத்தைத் திருப்புவதற்காக அதன் சாலைப் பகுதி மூடப்படும்போது, பலகையின் சொல்லை எல்லாரும் கேட்கிறார்கள். அங்கே யோசிக்க இடமில்லை.

பலகை காலியாக இருக்கும் நேரத்தில் அறிவுரை எழுதும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் அந்தந்த ஆண்டின் சாலை மரண எண்ணிக்கையைப் பலகைகளில் காட்டிவந்தது. 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, அந்தப் பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டரில் விபத்துகள் 4.5 விழுக்காடு கூடியதாகக் கணித்தது. எண் பெரிதாக இருந்தபோதும் சாலை சிக்கலாக இருந்த இடங்களிலும் பாதிப்பு அதிகம். தடங்கள் வந்து சேர்ந்து பிரியும் சுபாங், ஷா ஆலாம் போன்ற பகுதிகளில், சொல்லச் செய்தி இல்லாத நேரத்தில் பலகையைக் காலியாக விடுவதே நல்லது.