பெரிய ஃபியூஸ் போட்டால் சரியாகிவிடுமா?

செய்யூர் பக்கத்து விவசாயி ஒருவர் தர்பூசணிக்கு மருந்து கேட்க வந்தார். கிளம்பும்போது, "சார், டிராக்டர்ல பின்னாடி ரெண்டு லைட் சேர்த்தேன். ஃபியூஸ் போயிட்டே இருக்கு. 20க்கு பதிலா 30 போட்டுக்கவா?" என்றார்.

இது என் துறை இல்லை. ஆனால் இதற்கான பதிலை என் கைக்காசு கொடுத்துக் கற்றவன் நான்.

பல வருடங்களுக்கு முன், மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக இரவில் செங்கல்பட்டு திரும்புவது வழக்கம். சாலையில் மாடு படுத்திருக்கும். வெளிச்சம் போதவில்லை என்று காரின் 60 வாட்ஸ் பல்புகளை எடுத்துவிட்டு 130 வாட்ஸ் போட்டேன். மூன்றாம் நாள் ஃபியூஸ் போனது. 15 ஆம்பியர், நீல நிறம். கடையில் பச்சை நிற 30 போட்டுக் கொடுத்தார்கள். அதன்பிறகு போகவே இல்லை. சந்தோஷப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அதே சாலையில் ஸ்டீரிங்குக்குக் கீழிருந்து புகை. பின் சீட்டில் மனைவி, தூங்கும் மகள். அவர்களை இறக்கிவிட்டு பானெட்டைத் திறந்தால், பேட்டரி வயரைக் கழற்ற ஸ்பானர் இல்லை. எதிரே வந்த லாரி டிரைவர்தான் கழற்றினார். ஃபியூஸ் முழுசாக இருந்தது. வயர்கள்தான் தோல் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

ஃபியூஸ் பல்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற இருக்கிறது. கணக்கு சுலபம். வாட்ஸை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். என் காரில் இரண்டு விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். 120 வாட்ஸுக்கு 10 ஆம்பியர், அதற்கு 15 சரி. 260 வாட்ஸ் ஆனதும் கிட்டத்தட்ட 22. அந்த மெல்லிய வயர் தாங்காது என்று 15 சொன்னது. 30 வாயை மூடிக்கொண்டது. மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் கட்டையில் நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போடுகிறோமே, அதே வேலைதான்.

புது விளக்கு வேண்டுமென்றால் பழைய வயரில் ஒட்டுப் போடாதீர்கள். பேட்டரியிலிருந்து தனி வயர், ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ். 55 வாட்ஸ் விளக்கு இரண்டு என்றால் 9 ஆம்பியர் சொச்சம், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போதும்.

நம் கடற்கரையில் உப்புக்காற்று வேறு. ஃபியூஸ் செருகும் இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். பிடிப்பு சரியில்லாவிட்டால் அந்த இடமே சூடேறி, சரியான ஃபியூஸும் உருகும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

அவரிடம், "டிராக்டரை எங்கே நிறுத்துறீங்க?" என்று கேட்டேன். வைக்கோல் போர் பக்கத்திலாம். வயரை எலி கடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன்.

இரண்டு நாளில் போன் வந்தது. சீட்டுக்கு அடியில் தோல் போன வயர் இரும்பில் உரசிக்கொண்டிருந்ததாம். வயரை மாற்றிவிட்டு அதே 20 ஆம்பியர் போட்டிருக்கிறார். டிராக்டரும் போரை விட்டுத் தள்ளி நிற்கிறது.

"எலிக்கு என்ன சார் வைக்கிறது?" என்றார். அது என் துறை.