இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு டிரையர்

இரவு 9 மணிக்கு பந்திப்பூர் சோதனைச் சாவடியில் தடுப்பு இறங்கினால் காலை 6 மணிக்குத்தான் ஏறும். 2009 முதல் இதுதான் நடைமுறை. மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாக ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகிற இரண்டு நெடுஞ்சாலைகளும் அந்த நேரத்தில் யானைக்கும் புலிக்கும் உரியவை. சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காட்டுக்கு இந்த ஓய்வு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருந்துகொண்டு கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தேயிலை ஆலைகளின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவனுக்கு எல்லாக் கணக்கும் அந்தத் தடுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஆலை ஓடுவது இரவில். என்னால் போக முடிவது பகலில்.

இதே ஊரில் டயர் ஆலை இருக்கிறது, பெமல் இருக்கிறது, ஆக்சில் ஆலை இருக்கிறது. அவற்றுக்குச் சொந்தப் பராமரிப்புத் துறை உண்டு, மூன்று ஷிஃப்டுக்கும் ஃபிட்டர் உண்டு. மலையில் இருக்கும் சிறிய ஆலைக்கு ஒரு டிரையர்தான், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆபரேட்டர்தான். தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி அதிகம் தேவைப்படுவது இவருக்கு என்பது என் நம்பிக்கை.

பகலில் பறித்த இலை மணிக்கணக்கில் தொட்டியில் வாடி சி.டி.சி. ரோலருக்கு வரும். ஜோடியாகச் சுழலும் இரண்டு ரோலரில் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகம். அந்த வித்தியாசத்தில்தான் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. அந்தத் தூள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நொதித்துச் செம்பு நிறத்துக்கு வந்ததும் டிரையருக்குள் போயாக வேண்டும். அங்கே சூடான காற்று பட்டால்தான் நொதித்தல் நிற்கும், ஈரமும் 3 சதவீத அளவுக்கு இறங்கும். டிரையர் விசிறி நின்றுவிட்டால் தூள் காத்திருக்காது. அன்றைய இலை கெடும், அதைக் கொண்டுவந்து போட்ட சிறு விவசாயியின் உழைப்பும் கெடும். ரோலர் நின்றால் சமாளிக்கலாம், இலை தொட்டியிலேயே இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும். டிரையர் நின்றால் வழியில்லை.

அதனால் ஓர் ஆலைக்குள் போனதும் நான் சென்சாரை வெளியே எடுப்பதில்லை. எது நின்றால் மறுநாள் காலைவரை தாங்காது என்று கேட்கிறேன். பதில் வந்த பிறகு அளக்க வேண்டியவை சிலவே: விசிறி பேரிங்குகளின் அதிர்வு, மோட்டார் இழுக்கும் கரண்ட், மோட்டார் சுருள்களின் வெப்பம், உள்ளே போகும் காற்றின் சூடு.

இவற்றில் அதிர்வைப் போல முன்கூட்டியே பேசுவது வேறெதுவும் இல்லை. நிமிடத்துக்கு 1480 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 24.7. அதே 24.7 ஹெர்ட்ஸில் அதிர்வு கூடிக்கொண்டே வந்தால், பெரும்பாலும் விசிறி இறக்கையில் தேயிலைப் பஞ்சு ஒட்டிச் சமன் குலைந்திருக்கும், துடைத்துவிட்டால் போதும். இரு மடங்கில் வந்தால் தண்டுகள் நேர்கோட்டில் இல்லையோ என்று பார்க்க வேண்டும். எட்டு குண்டுகள் உள்ள பேரிங்கின் வெளி வளையத்தில் சிறு கீறல் விழுந்தால் ஏறத்தாழ 79 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அது தலைகாட்டும். காதுக்கு எட்டுவதற்குப் பல வாரங்கள் முன்பே வரைபடத்தில் அந்த மெல்லிய முள் எழுவதைப் பார்க்கும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குச் சிலிர்க்கிறது.

மலையில் சிக்னல் நிலையாக இராது. தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் சொல்லவே வேண்டாம். அதிர்வை நொடிக்குப் பத்தாயிரம் முறை அளந்து அப்படியே அனுப்பினால் ஒரு சென்சாரே ஒரு நாளில் 1.7 ஜி.பி.யைத் தாண்டும். எனவே கணக்கை ஆலையிலேயே, பேனலுக்குள் இருக்கும் சிறு கணினி போட்டுவிடும். முடிவுகள் மட்டும் எம்.க்யூ.டி.டி. வழியாகக் கிளம்பும்; இணைப்பு அறுந்தால் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும். 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கிய முறை இது. அலைவரிசை குறைவான, அடிக்கடி அறுபடும் இணைப்புக்கென்றே பிறந்தது, பந்தலூர் பக்கத்துத் தேவாலா மழைக்கும் பொருந்துகிறது.

அலாரம் விஷயத்தில் நான் கறாரானவன். 1994இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களுக்குள் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. அந்த விசாரணை அறிக்கையை என்னிடம் வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் படித்தாக வேண்டும். மணி அடித்தால் யார், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் எழுத முடியாத அலாரத்தை நாங்கள் வைப்பதில்லை. அந்த வரியும் தமிழில், டிரையர் பக்கத்துத் திரையிலேயே தெரியும். மைசூரில் எனக்குத் தெரிவதற்கு முன்னால் அங்கே நிற்பவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றில் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஹெப்பாளிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தி மலையில் விசிறியை ஓட வைக்க முடியும். வைக்க மாட்டோம். யாராவது மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டிருக்கலாம். எந்தச் சென்சாரும் அதை எனக்குச் சொல்லாது. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.யின் நிரலைத் திருத்த வேண்டுமென்றால்கூட, பேனலில் உள்ள சாவியை ஆபரேட்டர் திருப்பினால்தான் எங்களுக்கு வழி திறக்கும். வேலை முடிந்ததும் அவரே மூடுவார். பாதுகாப்புக்கும் இதுவே சரி. இன்றும் பல இயந்திரங்கள் பேசுகிற மாட்பஸ் நெறிமுறை 1979இல் வந்தது, அதில் கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது. அதை நேராக இணையத்தில் கொண்டுபோய் நிறுத்துவது ஆலையின் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம்.

போன சீசனில் ஒரு நள்ளிரவு. விசிறி பேரிங்கின் உயர் அலைவரிசை அதிர்வு ஏறியிருந்தது. 79இன் அருகில் ஒன்றும் இல்லை. ஆபரேட்டருக்கு ஃபோன் போட்டேன்.

“அண்ணே, நீளமான ஸ்க்ரூட்ரைவர் இருக்கா? முனையப் பேரிங் மூடி மேல வச்சு, பிடியக் காதுல அழுத்திக் கேளுங்க. பெல்ட் பக்கம் போகாதீங்க.”

கொஞ்ச நேரம் விசிறி இரைச்சல் மட்டும்.

“கரகரன்னு இல்ல சார். விசில் மாதிரி இருக்கு. வந்து வந்து போகுது.”

“கிரீஸ் எப்ப வச்சீங்க?”

“அடிச்சோம் சார், ஆனா உள்ள போயிருக்காது. இப்பத்தான் பாக்குறேன், நிப்பிள் நசுங்கிக் கிடக்கு.”

நசுங்கிய நிப்பிள் எந்த வரைபடத்திலும் வராது. புது இலையை ரோலருக்கு ஏற்ற வேண்டாம், நொதித்த தூள் முழுவதும் காய்ந்து வெளியே வரட்டும், பிறகு நிறுத்தி மெயின் சுவிட்சைப் பூட்டிவிட்டு நிப்பிளை மாற்றுங்கள் என்றேன். அவரிடம் பழைய மோட்டாரில் கழற்றிய நிப்பிள் ஒன்று இருந்தது. விசிறி மறுபடி ஓடியதும் அளவு இறங்கியது. பேரிங்கை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தோம். அதிர்வு, கரண்ட், வெப்பம் என்ற எண்களுக்கு அடுத்து, ஆபரேட்டர் சொன்ன சொல் அப்படியே ஏறும்: விசில், கரகர, உறுமல், ‘பெல்ட் வாடை’. எங்களிடம் சேரும் இளம் பொறியாளர்களுக்கு லாகின் தருவதற்கு முன் ஓர் ஆலையில் இரவு ஷிஃப்ட் முழுவதும் நிற்க அனுப்புகிறோம், அந்தச் சொற்களைக் காதால் கேட்டு வர. ஒன்பது மணிக்குள் பந்திப்பூரைத் தாண்ட மாலையிலேயே மைசூரிலிருந்து கிளம்பிவிட வேண்டும் என்பதையும் அன்றைக்கே கற்றுக்கொள்கிறார்கள்.