அடைக்கு உட்காராத கோழி

திண்ணை மூலையில் ஒரு மூங்கில் கூடை. அடியில் மணல், அதன்மேல் வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு கரித்துண்டு, துருப்பிடித்த ஆணி ஒன்று, காய்ந்த மிளகாய் இரண்டு. நடுவில் ஒன்பது முட்டைகள், ஒவ்வொன்றிலும் கரியால் போட்ட ஒரு கீற்று. செவலைக் கோழி ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் கொத்த வந்தது.

"இடி இடிச்சா முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிடுமுங்க. அதுக்குத்தான் இரும்பும் கரியும்" என்றார் அந்த வீட்டு மாமியார். கரிக்கீற்று எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தார். கோழி இரை தின்ன எழும் நேரம் பார்த்து வேறொரு கோழி வந்து அதே கூடையில் முட்டையிட்டுவிடும். கீற்று இல்லாதது புதுசு, எடுத்துக் குழம்பில் போடலாம். ஆணி இடியைத் தடுக்குமா தெரியாது. கரிக்கீற்று சரியான கணக்கு.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தைத் தாண்டி, ராகியும் கொள்ளும் விளைகிற மானாவாரிக் கிராமம் அது. எந்தக் கோழி வளர்ப்பது என்பதில் இந்த வீட்டில் இரண்டு கட்சி. மாமியார் சிறுவிடைக் கட்சி. மருமகள் போன வருடம் கிராமப்பிரியா வாங்கி விட்டவர்.

சிறுவிடை தமிழ்நாட்டின் பழைய நாட்டுக்கோழி. பெட்டை ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ தேறும். தொடர்ந்து பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பிறகு பருந்து வட்டமிட்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதம்போல் கூடவே திரியும். அந்த நாட்களில் முட்டை கிடையாது. இப்படி வருடத்துக்கு மூன்று, நான்கு சுற்று வந்தால் மொத்தம் நாற்பது முதல் அறுபது முட்டை. அதிலும் பாதி கூடைக்குள் போய்விடும்.

கிராமப்பிரியா ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தில் புறக்கடைக்கென்றே உருவானது. மேய விட்டே வருடத்துக்கு 160 முதல் 180 முட்டை வரை எதிர்பார்க்கலாம். மருமகளிடம் ஐந்து பெட்டைகள். பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகளுக்கும் தினம் ஒரு முட்டை என்பது அவர் போட்ட கணக்கு, அது தப்பவில்லை. ஆளுக்கு வருடம் 180 முட்டை வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. நாட்டில் ஆள் ஒன்றுக்குக் கிடைப்பதோ நூற்றுச் சொச்சம். இத்தனைக்கும் நாமக்கல் முட்டை லாரிகள் பெங்களூருக்குப் போவது தருமபுரி வழியாகத்தான்.

"ஆனா அது அடைக்கே உக்காரலையே" என்றார் மாமியார், ஏதோ ஒழுக்கக்கேட்டைச் சொல்வதுபோல.

குற்றம் கோழியுடையது அல்ல. அடை உட்கார்ந்த கோழி முட்டையிடாது. அதனால் முட்டைக்கென்று இனம் சேர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அடைக்கு உட்காருவதை ஒதுக்கி, உட்காராததை வைத்துக்கொண்டார்கள். நம் பாட்டிமார் கோழியின் மூக்கில் இறகைச் செருகி அடையைத் தெளிய வைத்தார்களே, அந்த வேலையை ஆராய்ச்சி நிலையம் பிறப்பிலேயே முடித்துவிட்டது. விலை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் குஞ்சைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். தாயில்லாத குஞ்சுக்கு முதல் சில வாரம் பல்புச் சூடுதான் தாய். மருமகள் முதலில் வாங்கியது இருபது குஞ்சு. ஒரு ராத்திரி கரண்ட் போனது. குளிருக்கு எல்லாம் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ள, விடிந்து பார்த்தால் அடியில் கிடந்த பதினொன்று நசுங்கிச் செத்திருந்தன.

கறிக்கு என்றால் பேச்சு வேறு. ஐதராபாத்தின் வனராஜா, பெங்களூரு ஹெப்பாலில் உருவான கிரிராஜா இரண்டும் சீக்கிரம் எடை போடும். வனராஜா சேவல் மூன்று கிலோவைக்கூடத் தொடும். அந்த எடைதான் அதற்கு எமன். பருந்தோ நாயோ துரத்தினால் பறந்து மரமேற முடியாது. கிராமப்பிரியாவுக்குக் கால் நீளம், உடம்பு லேசு, தப்பிவிடும். நம்மூர்ப் பெருவிடை சண்டைச் சேவல் வம்சம். கறி கெட்டி, ருசி உண்டு, முட்டை கம்மி. கருங்கோழி மோகம் தனிக் கதை. மத்தியப் பிரதேச ஜாபுவாவின் கடக்நாத் கோழிக்கறிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பிறகு தோனியின் ராஞ்சி பண்ணைக்கும் 2,000 குஞ்சுகள் போயின. வீட்டு முட்டைக்கு அதை வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம்.

நல்லம்பள்ளி வாரச்சந்தையில் இந்தப் பெயர்கள் எதுவும் காதில் விழவில்லை. அங்கே இரண்டே ஜாதி, நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி. டிவிஎஸ் 50 கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கி வந்த கோழிகளை ஒரு வியாபாரி வாங்கிக்கொண்டிருந்தார். நெஞ்செலும்பை விரலால் தடவுகிறார், இறகை ஊதி விலக்கித் தோலைப் பார்க்கிறார், கடைசியில் மூக்கையும் நகத்தையும். மூக்கு நுனி வெட்டியிருந்தால் பண்ணையில் வளர்ந்தது. ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அங்கே வெட்டிவிடுவார்கள். நகம் தேய்ந்திருந்தால் மண்ணைக் கிளறி மேய்ந்தது. "கலரை வெச்சு ஏமாத்தலாம், நகத்தை வெச்சு முடியாதுண்ணா" என்றார். முட்டை வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஓடு பழுப்பாக இருந்தாலே நாட்டுமுட்டை என்று கூடுதல் காசு கொடுக்கிறார்கள். ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை.

எந்தக் கட்சிக் கோழியானாலும் கழிச்சல் வந்தால் ஒன்றுதான். ஊரில் கொக்கு நோய் என்றும் வெள்ளைக் கழிச்சல் என்றும் சொல்கிறார்கள். 1920களின் கடைசியில் இந்தியாவில் இது கண்டறியப்பட்ட குமாவுன் மலை ஊரின் பெயரால் ராணிக்கெட். தலை திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் கூண்டே காலி. மாமியார் தன் வாழ்நாளில் நாலு முறை இப்படிப் பறிகொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் பங்குக்கு ஒரு பெட்டை வாங்கி, பொரித்த குஞ்சில் பாதியைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்ற பேச்சை அவரே நம்புவதில்லை.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமோ கால்நடை மருந்தகமோ, இனத்தைப் பற்றிக் கேட்கப் போகிறவர்கள் தடுப்பூசியைப் பற்றியும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். குஞ்சுக்கு ஏழாம் நாளையொட்டி கண்ணில் ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. அரசு மருந்தகத்தில் இதற்குக் காசில்லை. பிப்ரவரியில் இருவார முகாமும் நடக்கிறது.

கிளம்பும்போது மருமகள் கூடையைக் காட்டி மெதுவாகச் சொன்னார். அந்த ஒன்பதில் நாலு முட்டை தன் கோழிகளுடையதாம். மாமியாரின் சேவலோடு சேர்ந்தவை. பொரிக்கிற குஞ்சுக்குத் தாயின் முட்டைக்கணக்கு அப்படியே வராது என்று அவருக்கும் தெரியும். ஆனால் பல்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். கரிக்கீற்றைப் போட்டுக் கூடைக்குள் வைத்தது மாமியாரேதான். அன்றைக்குப் பதினேழாம் நாள்.