விலை போகாத பாகங்கள்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையை ஒட்டி ஒரு பழைய இரும்புக் கடை. நண்பர் ஒருவர் தன் ஜெராக்ஸ் கடையை மூடப்போகிறார், அங்கே கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களை எங்கே கொடுப்பது என்று பார்த்துவரத்தான் கிளம்பியிருந்தேன்.

"சிபியூ முழுசா இருந்தா 300 ரூபா. பிரிச்சிட்டா கிலோ கணக்கு" என்றார் கடைக்காரர். மதர்போர்டு கிலோ 180, யூபிஎஸ் பேட்டரி கிலோ 75. குண்டு மானிட்டர் என்றதும் உதட்டைப் பிதுக்கினார். "பின்னாடி இருக்கிற காப்பர் மட்டும்தான் சார் காசு. மிச்சம் சுமை."

உள்ளே ஒரு இளைஞர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவருமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. இரும்புத் தகடு இடப்பக்கம், அலுமினியம் வலப்பக்கம், போர்டுகள் உரச்சாக்கில். சாக்கு நிறைந்ததும் மெட்ராஸிலிருந்து வண்டி வருமாம். யார் வண்டி, எங்கே போகிறது என்று கேட்டால் ஒரு போன் நம்பரைத் தாண்டி அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

"இங்க எதையும் எரிக்கறது கிடையாது" என்று கேட்காமலே சொன்னார் கடைக்காரர். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். சீமைக்கருவேல மரத்தடியில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தரை கருத்துக் கிடந்தது. செருப்பால் கீறினால் மயிரிழை போலச் செம்புக்கம்பி மின்னியது, கருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. பிவிசி வயரை எரித்தால் டையாக்சின் கிளம்பும். அது எளிதில் அழியாத நஞ்சு. சுவரோரம் கழுத்து உடைந்த பிக்சர் டியூப்கள் சாய்ந்திருந்தன. அந்தக் கண்ணாடிக்குள் ஈயம் உண்டு, பெரிய டியூப் என்றால் ஒரு கிலோவுக்கு மேலேயே இருக்கலாம். விலை போவதெல்லாம் சாக்கில் ஏறிவிட்டது. வில்லங்கமானது மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்கள் 2025-26இல் 70 சதவீத இலக்குக்கு மறுசுழற்சிச் சான்று காட்ட வேண்டும். ஆண்டில் ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். நண்பரிடம் இருப்பது நாலைந்து கம்ப்யூட்டர். டீக்கடையில் நின்று, பழைய கருவிகளை வாங்கிக்கொள்ளும் ஒரு கம்பெனியின் இலவச எண்ணுக்குப் பேசினேன். பின்கோடு கேட்டார்கள். அந்தப் பக்கம் வண்டி வராதாம், சென்னைக்கு அனுப்பினால் வாங்கிக்கொள்வார்களாம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பார்சல் செலவு யார் தலையில்? நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே லோடாக அனுப்பினால்தான் கட்டும்.

அடுத்த தெருவில் ஒரு சர்வீஸ் சென்டர். மேசைமேல் கழற்றிய ஹார்டு டிஸ்க்குகள் அடுக்கியிருந்தன. "ஃபார்மேட் பண்ணினாப் போதும்னு நினைக்கிறாங்க" என்று சிரித்தபடி, இரும்புக் கடையிலிருந்து வந்த ஒன்றை மாட்டிக் காட்டினார் அங்கிருந்தவர். சற்று நேரத்தில் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன: ஆதார், சாதிச் சான்று, பிளஸ் டூ மார்க்‌ஷீட். யாரோ பெண்ணின் போட்டோவும் வந்ததும் போதும் என்றேன். கொடுப்பதற்கு முன் டிஸ்க்கின் தட்டு வரை டிரில்லரால் துளை போடச் சொன்னார். லேப்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் உள்ளே கண்ணாடித் தட்டு, நொறுங்கித் தெறிக்கும், கண்ணுக்கு ஏதாவது மாட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

டவுனிலேயே இப்படி என்றால் மலையில் எப்படி என்று பார்க்க, மறுநாள் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினேன். கச்சிராயப்பாளையம் சர்க்கரை ஆலை, கோமுகி அணை, பிறகு வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற்றம். 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் இங்கேயும் வீட்டுக்கு வீடு வந்திருக்கிறது. வெள்ளிமலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அரசு முத்திரையோடு ஒன்றைப் பார்த்தேன். அடியில் பேட்டரி உப்பியதால் தரையில் சமமாக நிற்காமல் ஆடியது.

மைக் கட்டிய லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. லேப்டாப்புக்கு ஒரு பிளாஸ்டிக் குடம். வியாபாரி பேட்டரியை மட்டும் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்: "இது வேணாம்க்கா, வண்டியில தீப்பிடிச்சிடும்." அந்த அக்கா அதைக் கொண்டுபோய் விறகுக் கட்டின்மேல் வைத்தார்.

பதறிப்போய், ஒரு மண்சட்டியில் மணல் கொட்டி அதில் வைத்து வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள், குத்தவோ நசுக்கவோ வேண்டாம் என்றேன். வைத்தார். "அப்புறம் எங்கண்ணா குடுக்கறது?"

பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடைத்தெரு கடைசி வரை நடந்து பார்த்தேன். குப்பைத்தொட்டிகள் இருந்தன, பேட்டரி போட ஒரு பெட்டி இல்லை.